மன்னார் வளைகுடா மேகத்தில் உப்பு ஏற்றினால்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொஞ்ச காலமாகவே மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் கடல்தண்ணீரைப் பொடிப்பொடியாகக் காற்றில் பீய்ச்சி, மேகத்தை இன்னும் வெளுப்பாக்கி, பவளப்பாறைக்கு நிழல் கொடுக்கப் பார்க்கிறார்களே, அதை நம் தீவுகளுக்கு மேல் செய்தால் என்ன? கேட்பவர்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பார்கள் (பவளத் திட்டுகள்) 2010இலும் 2016இலும் வெளிறியதைக் கண்ணால் கண்டவர்கள். சின்னப்பாலத்திலிருந்து பாசிக்குப் போகும் அக்கா ஒருவர் சொன்னார்: "முங்கிப் பார்த்தா பாரு பூரா வெள்ளையா நிக்குது தம்பி. மீனும் அண்ட மாட்டேங்குது. தண்ணி கீழ வரைக்கும் சுடுது."

அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். யோசனையை நடக்கப்போகும் ஒரு நிகழ்வாகவே எடுத்துக்கொண்டு, நமக்கு உறுதியாகத் தெரிந்த அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடலின் மேல், இந்தக் காற்றில், அது பெரிதாக உதவாது. உப்பு போதாது என்பது காரணம் அல்ல. நம் வானத்தில் ஏற்கெனவே துகள் கூட்டமாக இருக்கிறது. வெளுப்பாக்க ஏற்ற மேகமோ வேண்டிய மாதத்தில் போதுமான அளவு இல்லை.

மேகத்துக்குத் துகள் எதற்கு

காற்றில் நீராவி எவ்வளவு இருந்தாலும், ஒட்டிக்கொள்ள ஒரு துகள் இல்லாமல் சாதாரணமாகத் துளி உண்டாகாது. உப்பு, கந்தகம், புகை, தூசி என எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இந்தத் துகள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும். அதன்மேல் தண்ணீர் ஏறி, நூறு மடங்கு பெரிதாகி, மேகத்துளி ஆகிறது. ஒரு மழைத்துளி விழ வேண்டுமென்றால் இப்படிப்பட்ட மேகத்துளிகள் ஏறக்குறைய பத்து லட்சம் ஒன்று சேர வேண்டும்.

இப்போது அதே அளவு தண்ணீர், ஆனால் துகள் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அதிகத் துளிகளுக்குப் பங்காகும், ஒவ்வொன்றும் சிறிதாகும். கல்லுப்பு கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும், அதையே அம்மியில் வைத்து நுணுக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும் அல்லவா, மேகத்திலும் நடப்பது அதுதான். ஒளி சிதற முகம் கூடுகிறது. 1970களில் ஷான் டூமி இதைக் கணக்காக எழுதினார். துளிகள் சிறுத்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து தூறலாக விழுவதும் குறையும், அதனால் மேகம் கூடுதல் நேரம் நிற்கும் என்று 1989இல் புரூஸ் ஆல்பிரெக்ட் சேர்த்துச் சொன்னார். முதல் விளைவில் இன்று யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. இரண்டாவதில் சண்டை இன்னும் ஓயவில்லை. சிறுத்த துளி ஓரத்தில் சீக்கிரம் ஆவியாகும். அப்போது மேகம் சுற்றியுள்ள உலர்ந்த காற்றை உள்ளே இழுத்து மெலியவும் செய்யும். நிற்கும் என்று எதிர்பார்த்த மேகம் கரைந்துபோன சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன.

இதையெல்லாம் வெளியே காட்டிக்கொடுத்தவை கப்பல்கள். 1960களில் செயற்கைக்கோள் படங்களில் கடல்மேகத்தின் மேல் நீளநீளமான வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கீழே போன கப்பலின் புகைபோக்கியிலிருந்து வந்த கந்தகத் துகள்தான் அந்தக் கோடு. 1990இல் ஜான் லேதம் என்ற பிரிட்டிஷ் மேக இயற்பியலாளர், புகைக்குப் பதில் கடல் உப்பையே வேண்டுமென்று ஏற்றினால் பூமியைக் குளிரவைக்கலாமே என்று எழுதினார். ஆஸ்திரேலியர்கள் 2020 மார்ச்சில் டவுன்ஸ்வில்லுக்கு அப்பால் ப்ராட்ஹர்ஸ்ட் திட்டில் முதல் பீய்ச்சலைச் சோதித்தது அந்த எண்ணத்தின் வாரிசு.

நம் கடலுக்கு மேல் அந்தக் கப்பல் கோடுகளைத் தேடினால் கிடைக்காது. பாக் நீரிணையும் ராமர் பாலத் திட்டுகளும் ஆழம் குறைந்தவை. பெரிய கப்பல் எல்லாம் இலங்கையின் தென்முனையைச் சுற்றித்தான் போகிறது. இன்னொரு காரணமும் உண்டு: கோடு விழ வேண்டுமானால் மேலே விரிப்பாகக் கிடக்கும் படைத்திரள் மேகம் வேண்டும்.

இங்கே கிடைக்கும் மேகம் எது

கலிஃபோர்னியா, பெரு, நமீபியா ஆகிய கரைகளுக்கு மேற்கே கடல் குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிர்ச்சிக்கு மேல் தாழ்வான, தட்டையான படைத்திரள் மேகம் நாள்கணக்கில், கடலில் பாதிக்கும் மேலான பரப்பை மூடி நிற்கும். உப்புத் தூவும் திட்டங்கள் எல்லாம் அந்த மேகத்தை மனதில் வைத்துப் பிறந்தவை.

நம் கடல் வெந்நீர்க் கடல். வாடை அடிக்கும் தை, மாசியில் அரிச்சல்முனையில் நின்று பார்த்தால் தெரிவது அடி தட்டையாகவும் தலை புடைத்தும் தனித்தனியாக நகரும் சின்னத் திரள் மேகங்கள். கடலிலிருந்து அரை கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர் உயரத்தில் அடி தொடங்கும். இடையில் வெளி நிறைய இருக்கும். இந்த வகை மேகம் பொதுவாக வானத்தில் ஐந்தில் ஒரு பங்கை மூடினாலே அதிகம். மாசி மாதத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மேகத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவில் நீலம் இருக்காது. மங்கிய பால்வெள்ளை ஒன்று இருக்கும். தனுஷ்கோடிக் கரையில் வலை காயவைப்பவர்கள் அதைப் பனிமூட்டம் என்பார்கள். காலையில் கொஞ்சம் பனியும் உண்டுதான். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கும் அது கலையாமல் நின்றால் அதில் பாதி புகை.

அப்புறம் மாதக் கணக்கு. பார் வெளிறுவது சித்திரை, வைகாசியில். வாடை முடிந்து, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் பிடிக்காத இடைவெளி அது. காற்று விழுந்துவிடும், தண்ணீர் கலங்காது, மேல்நீர் சூடாகிக்கொண்டே போகும். கச்சான் முழுசாகப் பிடித்துவிட்டால் ஆண் கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிக்கும், அடித்தண்ணீர் மேலே வரும், சூடு தானாகத் தணியும். ஆகவே நமக்கு மேகம் வேண்டியது அந்தச் சில வாரங்களுக்கு மட்டும். அந்தச் சில வாரத்தில்தான் காலையில் வானம் வெறிச்சோடிக் கிடந்து, மாலையில் உள்நாட்டில் இடி மேகம் எழும்புகிறது. நடுப்பகலில் முயல் தீவுக்கு மேல் வெளுப்பாக்க ஒரு மேகத்தைக் காட்டச் சொன்னால் பல நாள் காட்ட முடியாது.

1999இல் பார்த்தது

இந்தக் கேள்விக்கு நமக்குக் கிடைத்திருக்கும் சிறந்த சான்று நம் வாசலுக்குத் தெற்கேயே சேகரிக்கப்பட்டது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இண்டோயெக்ஸ் என்ற பெரிய ஆய்வு மாலத்தீவை மையமாக வைத்து நடந்தது. வீ. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் க்ருட்சனும் அதை முன்னின்று நடத்தினார்கள். விமானம், கப்பல், தீவு நிலையம் என்று எல்லாவற்றையும் வைத்து, துணைக்கண்டத்திலிருந்து வாடையோடு இறங்கிவரும் காற்றை அளந்தார்கள். பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் கடந்து தெற்கே போவதும் அதே வாடைதான்.

கண்டது இது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, சுத்தமான காற்றில், மேகத்தின் ஒரு கனசென்டிமீட்டரில் நூறுக்குக் கொஞ்சம் குறைவான துளிகள். வடக்கே, மாசுக் காற்றில், முந்நூறுக்குக் கொஞ்சம் மேல். மூன்று மடங்குக்கும் அதிகம். அதாவது யாரும் திட்டம் போடாமலேயே, வடஇந்தியச் சமையல் அடுப்பிலிருந்து நம் அனல்மின் நிலையம் வரை எல்லாம் சேர்ந்து, மேகத்துக்குத் துகள் ஏற்றும் வேலையை ஏற்கெனவே செய்துவிட்டன.

துளி கூடியதால் மேகம் வெளுத்திருக்க வேண்டும். வெளுத்தும் இருந்தது. ஆனால் அந்தப் புகையில் கரி இருந்தது. கரி வெயிலை விழுங்கும். விழுங்கிய சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுக்கும். சூடான காற்றில் ஈரப்பதம் சதவீதம் இறங்கும். சின்னத் திரள் மேகம் காய்ந்துபோகும். 2000இல் ஆன்ட்ரூ ஆக்கர்மனும் அவருடைய குழுவினரும் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தபோது, அந்த ஆண்டுகளின் வாடைக் காற்றில் இருந்த அளவு கரி, பகல்நேரத் திரள் மேகத்தின் பரப்பைக் கணிசமாகக் குறைத்தது. 2006 மார்ச்சில் மாலத்தீவின் மேல் மூன்று ஆளில்லா விமானங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் பறக்கவிட்டு அளந்தபோது, கீழ்வளிமண்டலம் வெயிலால் சூடாவது அந்தப் புகையின் பழுப்பு மூட்டத்தால் ஏறக்குறைய 50 சதவீதம் கூடியிருந்தது.

ஆக, துகள் ஏற்றினால் மேகம் வெளுக்கும் என்பது பாதி உண்மை. எந்தத் துகள், எந்த மேகம், ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் பதில் சொல்லவே கூடாது.

உப்புக் கணக்கு

சரி, நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் நீளம், பத்து கிலோமீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் உயரம் உள்ள காற்று. மனோலித் தீவையும் அதைச் சுற்றியுள்ள பார்களையும் தாராளமாக மூடும். அந்தக் காற்றில் ஒவ்வொரு கனசென்டிமீட்டருக்கும் 100 துகள் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகல உப்புத் துகளாக இருந்தால் மொத்தம் எவ்வளவு உப்பு வேண்டும்?

சுமார் 11 கிலோ. முந்நூறு லிட்டர் சொச்சம் கடல்தண்ணீர். முதல் தடவை கணக்கு வந்தபோது நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன், சரிதான். நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால் அந்தப் பரப்பை அரை மணி நேரத்தில் கடந்துவிடும், ஆகவே அரை மணிக்கொருமுறை மறுபடி 11 கிலோ. பகல் பத்து மணி நேரத்துக்கு 220 கிலோ. வாலிநோக்கம் உப்பளத்தில் ஒரு பாத்தியின் மூலையில் குவித்து வைப்பார்கள் அவ்வளவு உப்பை.

கஷ்டம் எடையில் இல்லை, பொடி செய்வதில் இருக்கிறது. பாம்பனில் கச்சான் வீசும் மாலையில் ஒரு கண்ணாடித் தகட்டை மாடியில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். முதலில் தெரிவது உருண்டைத் துளிகள். காற்றில் ஈரம் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை உப்பு கரைந்த நிலையிலேயே கிடக்கும். விளக்குச் சூட்டில் கொஞ்ச நேரம் விட்டால் ஒவ்வொரு துளியும் சுருங்கி, மூலை முளைத்து, சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாகிவிடும். பாலத்தின் இரும்பை அரிப்பதும், ஜன்னல் கொண்டியைத் துருவாக உதிர்ப்பதும் இந்த உப்புதான். ஆனால் இது மேகத்துக்கு வேண்டிய உப்பு அல்ல. மைக்ராஸ்கோப்பில் தெரிகிறது என்றாலே அது மிகப் பெரியது. நமக்கு வேண்டியதைவிடப் பத்து மடங்கு அகலமான ஒரு துகளில், எடைக்கு எடை ஆயிரம் சின்னத் துகள் அடங்கிவிடும். அப்படிப் பெரிய உப்பு ஏறினால் எதிர்வேலை நடக்கும்: அது வேகமாகப் பெரிய துளியாகி, போகிற வழியில் சின்னத் துளிகளைச் சேர்த்துக்கொண்டு தூறலாக விழுந்து, மேகத்தையே காலி செய்துவிடும். பீய்ச்சும் குழாயின் துளை வடிவத்துக்காகப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

குழாய் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பலன் என்ன? மேகத்தின் தண்ணீர் மாறாமல் இருந்தால், அதன் ஒளித்தடிப்பு (வெயிலை மறிக்கும் அளவு) துளி எண்ணிக்கையின் கனமூலத்தோடு ஏறும். சுத்தமான வானத்தில் துளி 100இலிருந்து 200 ஆனால் 26 சதவீதம் கூடும். நம் வானத்தில் 300இலிருந்து 400 ஆனால் 10 சதவீதம். போட்ட உப்பு ஒன்றே. இதை மேகம் மூடும் பரப்போடு பெருக்க வேண்டும்: படைத்திரள் விரிப்பு பத்தில் ஏழு பங்கு, நம் திரள் மேகம் ஐந்தில் ஒரு பங்கு. கடலுக்கு வரும் வெயிலைப் பகல் இரவு சராசரியாகச் சதுர மீட்டருக்கு 250 வாட் என்று எடுத்தால், அங்கே 10 வாட் திரும்பிப் போகும். இங்கே ஒரு வாட்டுக்குச் சற்று மேல். மேலோட்டமான கணக்குதான், துகள் அத்தனையும் துளியாகும் என்று தாராளமாக வைத்துப் போட்டது. மூன்று மீட்டர் ஆழத்துப் பார் தண்ணீரில் அந்த ஒரு வாட் ஒரு நாளில் செய்யும் மாற்றம் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதையும் நீரோட்டம் அன்றே அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆஸ்திரேலியர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் திட்டுகளுக்கு வரும் தென்கிழக்குக் காற்று திறந்த பசிபிக்கைக் கடந்து வருகிறது, துகள் குறைவு. அங்கே ஒரு பிடி உப்புக்கு இருக்கும் மதிப்பு இங்கே கிடையாது.

மேகமே இல்லாவிட்டாலும் உப்புத் துகள் தானே கொஞ்சம் வெயிலைச் சிதறடிக்கும்; பவளம் வெளிறுவதில் சூட்டோடு வெளிச்சத்துக்கும் பங்குண்டு என்பதால் அந்த மெல்லிய நிழலும் உதவும் என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால் அதற்கு இந்த 11 கிலோ போதாது, பல மடங்கு வேண்டும். அப்போது இது மேகத் திட்டம் அல்ல, வேறொன்று.

படகு நின்றதா, காற்று மாறியதா

ஒரு நண்பர் நல்ல யோசனை ஒன்றைச் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். டீசல் கரும்புகை நிற்கும். தடைக்கு முந்தைய மேகத்தையும் பிந்தைய மேகத்தையும் செயற்கைக்கோள் படத்தில் ஒப்பிட்டால் துகளின் வேலை தெரிந்துவிடாதா?

இதில்தான் இந்தத் துறையின் பெரிய வலி இருக்கிறது. அதே ஏப்ரலில் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வந்த நிலக்காற்று நின்று, தென்மேற்கிலிருந்து கடல்காற்று வரத் தொடங்குகிறது. மேகம் மாறினால் அது படகு நின்றதாலா, காற்று மாறியதாலா என்று பிரிக்க வழியில்லை. வாடைக் காலத்திலும் இதே சிக்கல்தான். நிலத்திலிருந்து வரும் காற்று புகையையும் கொண்டுவரும், வறட்சியையும் கொண்டுவரும். மேகம் குறைந்ததற்குப் புகையைக் குற்றம் சொன்னால் வறட்சி தப்பித்துவிடும்.

உலக அளவில் நடந்த பெரிய தற்செயல் சோதனைகளும் இப்படியே. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கப்பல் கோடுகள் சட்டென்று குறைந்தன, இது தெளிவு. அதே ஆண்டில் கொரோனா வந்து கப்பல் போக்குவரத்தையும் கலக்கிவிட்டது. 2014 ஆகஸ்ட் முதல் 2015 பிப்ரவரி வரை ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரவுன் எரிமலை வெடிப்பு கந்தகத்தைக் கொட்டியபோது, மேகத்துளி சிறுத்தது என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மேகத்தின் தண்ணீர் அளவு மாறவில்லை என்று 2017இல் ஒரு குழு சொன்னது. மேகம் மூடிய பரப்பு கூடியது என்று 2022இல் இன்னொரு குழு சொன்னது. அவ்வளவு பெரிய எரிமலைக்கே இந்த நிலை என்றால், நம் விசைப்படகுக் கூட்டத்தின் புகையை மேகத்தில் தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, ராமர் பாலத்தின் மணல்திட்டும் ஆழம் குறைந்த வெளிர்நீரும் கீழிருந்து மின்னும். சின்ன மேகத்தின் ஓரத்தில் செயற்கைக்கோள் எடுக்கும் அளவு அங்கே இன்னும் தடுமாறும்.

கரிமூட்டம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பேச்சு புகைக்கு வந்தால் எல்லாரும் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் கை காட்டுகிறார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளுக்குள் நாள்கணக்கில் கனியவிடும் வேலை அது. காற்றில்லாமல் கனியும் நெருப்பிலிருந்து வருவது பெரும்பாலும் வெள்ளைப் புகை: நீராவி, தார், கரிமத் துகள். வெயிலை விழுங்கும் கருப்புக் கரி அதிகம் வருவது கொழுந்துவிட்டு எரியும் நெருப்பிலும் டீசல் இன்ஜினிலும். மூட்டத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவரின் நுரையீரலுக்கு அந்த வெள்ளைப் புகை கொடுமைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மேகத்தைக் காயவைக்கும் குற்றத்தை மட்டும் அவர்கள் தலையில் முதலில் வைப்பது சரியல்ல.

மழை குறையுமா

இதைக் கேட்காமல் கண்மாய்ப் பாசன ஊர்களில் இந்தப் பேச்சை முடிக்கவே முடியாது. துகள் கூடினால் தூறல் குறையும் என்பது தாழ்ந்த மேகத்துக்கு உண்மை. நமக்குக் கண்மாயை நிரப்புவதோ ஐப்பசி, கார்த்திகையின் உயர்ந்த மேகமும் புயல் சின்னமும். வைகாசியில் ஏற்றிய உப்பு ஒரு வாரத்துக்குமேல் காற்றில் தங்காது. ஐப்பசிக்கு அது மிஞ்சியிருக்காது. அந்த வகையில் பயம் வேண்டாம். உயர்ந்த மேகத்தைத் துகள் தொடவே தொடாது என்றும் சொல்ல மாட்டேன். இலங்கைக்குத் தெற்கிலிருந்து மலாக்கா நீரிணை நோக்கிப் போகும் கப்பல் பாதைக்கு மேல், பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் விழுகிறது என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். இடி மேகத்தின் உள்வேலையைக் கப்பல் புகை மாற்றியிருக்கிறது என்பதே அவர்கள் விளக்கம்.

அடுத்து என்ன செய்யலாம்

பீய்ச்சும் கருவிக்கு முன்னால் எண்ணும் கருவி வேண்டும். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது; பாம்பனில் வானிலை நிலையம் இருக்கிறது; பார் எப்போது வெளிறும் என்று ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விடுகிறது. சூட்டைப் பார்க்க ஆள் உண்டு. அதே இடத்தில், அதே நேரத்தில், மேகக்கரு (துளி ஒட்டி வளரும் துகள்) எத்தனை, மேகத்தின் அடி எவ்வளவு உயரம், கரி எவ்வளவு என்று பங்குனி முதல் ஆனி வரை ஒரு கூரையில் சேர்த்து எடுத்தால் போதும். சில கோடைகளுக்குத் தொடர்ந்து எடுத்தால், காற்று ஒரே திசையில் வீசிய நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்து, துகள் கூடிய நாளையும் குறைந்த நாளையும் ஒப்பிடலாம். தடைக்காலக் கேள்விக்கும் அப்போதுதான் நேர்மையான பதில் வரும்.

அந்தக் கணக்கில் இரண்டு எண்கள் என் முடிவைப் புரட்டிப் போடும். கடல்காற்று வரத் தொடங்கிய மே மாத நடுப்பகலில் தீவுப் பக்கம் மேகக்கரு எண்ணிக்கை கனசென்டிமீட்டருக்கு நூறை ஒட்டி இறங்கினால், உப்புக்கு மதிப்பு வரும். அதே பகலில் தாழ்ந்த மேகம் வானத்தில் பாதியை மூடுவது அடிக்கடி நடந்தால், நிழலுக்கும் வழி பிறக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால், சின்னப்பாலத்து அக்காவிடம் நானே போய், முதலில் எந்தப் பாருக்கு மேல் தொடங்கலாம் என்று கேட்பேன்.